ஆளுக்கு நாற்பது முகம்

திருப்பூரிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளைப் பாறசாலை ஒத்திகை அறையில் வைத்துப் பிரித்தபோது, முதலில் எட்டிப் பார்த்தது ரெத்தினதாஸின் மூக்கு. டீசர்ட்டை விரித்ததும் முழு முகமும் வந்தது. கழுத்துப்பட்டையில் தொடங்கிய நெற்றி, வயிற்றில் போய்த்தான் தாடையாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி, பாதிச் சிரிப்பு. தாடைக்குக் கீழே மிச்சம் கிடந்த இடத்தில் பொடி எழுத்தில், 'ஏழாம் மைல் பேண்ட், சிங்கப்பூர் பயணம்'.

ஜீனா ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முதுகில் அவருடைய கையெழுத்து இருந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை.

"அண்ணா, எனக்க பேரு?"

"இடம் எங்க மக்கா கிடக்கு? நீயே பாரு. அடுத்த லோடுல போடுவோம்."

அந்த அடுத்த லோடு மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. சிங்கப்பூர்க்காரர்கள் இவர்களை அழைத்தது ஒரே ஒரு பாட்டுக்காக. வார்த்தை ஜீனாவுடையது, மெட்டும் அவளுடையது, தொண்டையும் அவளுடையது. நெய்யாற்றின்கரை அக்ஷயா சென்டரில் ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கரண்ட் போன ஒரு மத்தியானம், யாரோ தப்பாக எழுதி வீசிய படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிய பாட்டு அது. யூட்யூபில் போய்ப் பார்த்தால் 'ரெத்தினதாஸும் குழுவும்' என்று இருக்கும். கேட்டால், "குழுவுல நீயும் உண்டுல்லா?" என்பார். உண்டுதான். வேன் டிரைவரும் அதில் உண்டு.

ரெத்தினதாஸ் எப்படித் தலைவரானார் என்று கேட்கக் கூடாது. வேன் அவருடையது, ஸ்பீக்கர் அவருடையது, முடிந்தது விஷயம். கழுத்தில் ஒரு கிதார் தொங்கும். அது சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. போடாமலிருக்க, ஸ்பீக்கர் பார்க்கிற விபின் அதன் வயரைப் பிடுங்கிவிடுவான் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சிங்கப்பூர் மேடையிலாவது 'இது ஜீனாவின் பாட்டு' என்று ஒருவர் மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊருக்கு வந்ததும் பாட்டை விட்டுவிடுவது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

டீசர்ட் விஷயத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "அண்ணா, விக்கதுக்குக் கொண்டுபோற சாமான்னா அங்க இறங்கினதும் கஸ்டம்ஸ்ல சொல்லணும். லிஸ்ட் வேணும், பில் வேணும். நான் வாசிச்சுப் பார்த்தேன்."

ரெத்தினதாஸ் சிரித்தார். டீசர்ட்டில் இருக்கிற அதே பாதிச் சிரிப்பு.

"மக்கா, நான் பதினெட்டு வயசுல பனச்சமூடு செக்போஸ்ட் வழி கேரளத்துக்கு எவ்வளவு அரிசி கடத்தினவன் தெரியுமா? லாரில கொண்டுபோனாத்தான் பிடிப்பான். பஸ்ஸுல, ஆளுக்கு ரெண்டு பை. வீட்டுக்குச் சோறு வைக்க அரிசின்னு சொன்னா எவன் என்ன கேப்பான்? எந்த செக்கிங்கும் மனுசனாக்கும் செய்யியது, கேட்டியா? நாம ஏழு பேரு. ஆளுக்கு நாப்பது. உடுக்கதுக்குன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

ஜீனாவின் பெட்டியிலும் நாற்பது ஏறியது. வேண்டாம் என்றதற்கு, "குழுன்னா குழுவாக்கும்" என்றார். அப்போது மட்டும் குழு ஞாபகம் வந்துவிடும்.

சிங்கப்பூரில் இறங்கியதும் இரண்டு வழி இருந்தது. சொல்ல வேண்டிய சாமான் உள்ளவர்களுக்குச் சிவப்பு, ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பச்சை. ரெத்தினதாஸ் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சை வழியில் முன்னால் நடந்தார். பனச்சமூட்டில் பஸ் ஏறுகிற அதே தைரியம்.

விபினின் பெட்டியை ஒரு பெண் அதிகாரி நிறுத்தினார். தமிழ்க்காரர். திறந்தார். நாற்பது ரெத்தினதாஸ்கள் அடுக்கடுக்காக மேலே பார்த்துச் சிரித்தார்கள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"எனக்கு உடுக்கதுக்கு."

"எத்தனை நாள் தங்குறீங்க?"

"நாலு."

"நாலு நாளுக்கு நாற்பது சட்டையா?"

"எனக்கு நல்லா வேர்க்கும் மேடம்."

அடுத்தது கீபோர்டு வாசிக்கிற அனூப். அவன் பெட்டியிலும் நாற்பது. அவனுக்கும் வேர்க்குமாம். மூன்றாவது பெட்டி திறந்ததும் அதிகாரி சட்டையை ஒருதரம் பார்த்தார், பக்கத்தில் கண்ணாடி போட்டு நின்றவரை ஒருதரம் பார்த்தார்.

"இது நீங்கதானே?"

ரெத்தினதாஸ் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். "ஒரு சாயல் உண்டு" என்றார்.

ஜீனாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இந்த முகத்துக்காகத்தானே தன் பெயருக்கு இடமில்லை என்றார்! இப்போது அந்த முகமே அவருடையது இல்லையாம். அவளுடைய பெட்டி வந்தது.

"விக்கதுக்குக் கொண்டுவந்தது மேடம்" என்றாள். "சிவப்பு வழில வந்திருக்கணும். தப்புதான்."

ஏழு பேரையும் ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். மேசையில் ஒரு படிவத்தை வைத்து, "சரக்கு யாருடையது? உரிமையாளர்தான் பதில் சொல்லணும். கேஸ் ஆகலாம். எழுதிக் கொடுங்க, தமிழிலேயே எழுதலாம்" என்றார் அதிகாரி.

கேஸ் என்றதும் ரெத்தினதாஸ் மேசைக்குப் பாய்ந்தார். பேனாவை அவசரமாக வாங்கினார். ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் மூன்று கூட்டம் போடுகிற மனிதர், தடதடவென்று எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். மூச்சுவிட்டுக்கொண்டு ஜீனாவிடம் தணிந்த குரலில், "மக்கா, நீ படிச்ச பிள்ளை. ஃபாரமெல்லாம் உனக்குத்தான் வசம். எப்பிடியாவது இதுல இருந்து ஊரிவிடு, என்னா?" என்றார்.

அதிகாரி சத்தமாகவே வாசித்தார்.

"இந்தச் சாமான் முழுவதும் ஜீனா என்பவளுடையது. பாட்டு அவளுடையது. பேண்டும் அவளுடையது. நான் சும்மா கூட வந்த ஆள்."

விபின் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான். ஜீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு நடையாய் நடந்த வரி. வேனில் கேட்டாள், ஒத்திகையில் கேட்டாள், கிறிஸ்துமஸ் கேக்கோடு வீட்டுக்கே போய்க் கேட்டாள். கிடைக்கவில்லை. பழி போட ஆள் வேண்டும் என்றதும் ஒரு நிமிஷத்தில், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் வந்துவிட்டது. பாவி மனுசன்!

"உண்மையா?" என்று அதிகாரி அவளிடம் கேட்டார். "ஒத்துக்கிட்டா எச்சரிக்கை உங்க பாஸ்போர்ட் பேரில்தான் பதிவாகும். அடுத்த முறை வரும்போது உங்களைத்தான் நிறுத்துவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

ஜீனா யோசித்தாள். டீசர்ட் அடித்தது அவள் இல்லை. ஆனால் அந்த ஒரு பொய்யை மறுத்தால் பின்னால் நிற்கிற இரண்டு உண்மையும் சேர்ந்து கிழியும். படிவத்தைத் திரும்ப எழுதுகிறபோது இந்த மனுசன் வேறு மாதிரி எழுதுவார். நாள் முழுக்கப் படிவத்தோடு கிடக்கிறவளுக்கு இது தெரியாதா?

"உண்மைதான் மேடம். எனக்க பேருதான்."

"முதல் தடவை, நீங்களா ஒத்துக்கிட்டீங்க. அதனால கேஸ் வேண்டாம். வரியும் அபராதமும் கட்டிச் சரக்கை எடுத்துட்டுப் போகலாம். இல்ல, வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா நாங்க அழிச்சிடுவோம்."

கேஸ் இல்லை என்று காதில் விழுந்ததோ இல்லையோ, ரெத்தினதாஸுக்கு உயிர் வந்துவிட்டது. முன்னால் வந்தார். "கட்டுகோம் மேடம், கட்டுகோம். உள்ளதைச் சொன்னா, சாமான் எனக்கதாக்கும்."

"கூட வந்த ஆள்னு எழுதியிருக்கீங்க."

"அது ஒரு பேச்சுக்கு…"

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உரிமையாளர் சொல்லட்டும்."

அறையில் எல்லோரும் ஜீனாவைப் பார்த்தார்கள்.

"அழிச்சிருங்க" என்றாள்.

"எட்டீ!" என்று அலறினார் ரெத்தினதாஸ். "எனக்க மொகமாக்கும் அது!"

"சாயல்தான்னு அவரே சொன்னாரு மேடம்" என்றாள் ஜீனா. உரிமையாளர் என்ற கட்டத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் எழுதிக் கொடுத்த தாளுக்கு ஒரு நகல் கேட்டு வாங்கி, மடித்துக் கைப்பையில் வைத்தாள். இருநூற்று எண்பது ரெத்தினதாஸ்களையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். போகிற போக்கிலும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

வெளியே விழாக்காரர்கள் மாலையோடு காத்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் கையில் அறிவிப்புக்கான குறிப்புத் தாள் இருந்தது.

"வாங்க வாங்க. மேடையில அறிமுகம் பண்ண விவரம் எழுதிக்கிறேன். பாட்டு யாருடையது? குழுவுக்குத் தலைவர் யாரு?"

ரெத்தினதாஸ் வாயைத் திறந்தார். ஜீனா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஜீனா" என்றாள். "எழுதிக்குங்க. ரெண்டுக்கும்."