சிக்னல் கிடைக்காத இடம்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் கழுத்தில் கோலிகுண்டு அளவுக்கு ஒரு கட்டி. அதிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும் காலையில் மாஸ்டர் காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“நீயும் மச்சானும் போய் ரிசல்ட்ட வாங்கிடுங்க. நான் மலைக்குப் போறேன்.”

“மலை ஏறினா கட்டி எறங்கிடுமா?” என்றாள் மனைவி.

“அங்க சிக்னல் கிடைக்காது.”

அவள் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் திணித்தாள்.

அடிவாரத்தில் செல்போனைப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. அந்த நிம்மதி முதல் பாறை வரைக்கும் கூட வந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போட்டே பிழைத்த மனுஷர். சரளை சறுக்கும்போதெல்லாம் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. மிதிக்க மிதிக்க இன்னும் சறுக்கியது. மாணவர்களைத் திட்டும் அதே வார்த்தைகளால் தன்னைத் திட்டிக்கொண்டார். கடைசிப் பாறையை நாலு காலில் தவழ்ந்து தாண்டினார். வேடிக்கை பார்க்க ஓர் ஆடுகூட இல்லாதது பெரிய ஆறுதல்.

உச்சியில் நிமிர்ந்ததும் சட்டைப்பை அலறத் தொடங்கியது. அடிவாரத்தை மலை மறைத்தது, சரி. உச்சியை மறைக்க என்ன இருக்கிறது? சுற்றுவட்டாரத்து டவர்கள் எல்லாம் அவர் ஒருவருக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. இந்தச் சின்ன விஷயம் மாஸ்டரின் மண்டையில் உதிக்கவே இல்லை.

திரை முழுக்க மனைவியின் தவறிய அழைப்புத் தகவல்கள். நல்ல சேதிக்கு யாராவது இத்தனை தடவை கூப்பிடுவார்களா? பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி, பாறையோடு ஒண்டி உட்கார்ந்தார். மறுபடி அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

“உயிரோடதான் இருக்கீங்களா?”

“அதை நீதான் சொல்லணும்.”

“சாதாரணக் கட்டியாம். அப்படியே விட்டாலும் ஒண்ணும் பண்ணாதாம். அப்பலேருந்து கூப்பிடறேன், லைனே போகல. எங்கயாவது உருண்டுட்டீங்களோன்னு...” குரல் உடைந்தது.

பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. “அக்கா, மாமா எந்த கியர்ல ஏறினாருன்னு கேளு.”

மாஸ்டர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

“அழுவுறீங்களா?”

“காத்து. இங்க காத்து ஜாஸ்தி.”

“இங்கயும் அப்படித்தான்,” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி. “அங்கேருந்து என்னதான் தெரியுது?”

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் நீலமாய் இன்னொன்று. கீழே ஓர் ஆறு வயல்களுக்குள் நுழைந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வெளியேறியது. சாலையில் பொடிப்பொடியாக வண்டிகள்.

“நம்ம ஊரே தெரியுது. வளைவுல ஒருத்தன் இண்டிகேட்டர் போடாம திரும்பறான்.”

“அவ்வளவு தூரத்துலேருந்து அது தெரியுதா?”

“தெரியல. ஆனா போட்டிருக்க மாட்டான்.”

அவள் சிரித்துவிட்டாள். “போதும், பாத்து எறங்குங்க.”

“கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேனே. இப்பதான் பாக்கவே ஆரம்பிச்சிருக்கேன்.”

“இருங்க,” என்றாள். “ஆனா போனை வைக்காதீங்க.”