அரை டிக்கெட்டில் வந்த வயது

ஒரு விடுகதை போடுகிறேன். கூப்பிட்டால் வராது, கூப்பிடாதபோது வரும். வந்து உட்கார்ந்துவிட்டால் போகச் சொன்னாலும் போகாது. அது என்ன?

அவசரம் இல்லை. யோசித்துச் சொல்லலாம். எங்கள் ஊரில் ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் வாரத்தில் பெண் குழந்தைகளிடம் இதைப் போடுவோம். சின்னப் பிள்ளைகள் மழை என்பார்கள், விருந்தாளி என்பார்கள். என் மகள் அல்லி பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து பூனை என்றுதான் சொல்லி வருகிறாள். விடை, வயது. ஒரு பெண் அந்த விடையைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் வருடத்தில் அவள் வீட்டுக்கு வயது வந்துவிடும். மற்ற ஊர்களில் பெண்கள் வயதுக்கு வருவார்கள் என்று சொல்கிறார்கள். எங்கள் ஊரில் வயதுதான் பெண்களுக்கு வரும்.

பெரும்பாலும் ஏழாம் வகுப்பில் வரும், அல்லது எட்டில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் யாராவது கவனிக்கும்வரை பேசாமல் நிற்கும். பாலும் பழமும் கொடுத்து உள்ளே அழைப்போம். அன்று பிள்ளையும் வயதும் ஒரே பாயில் படுப்பார்கள். விடிந்ததும் பாயில் ஒருத்திதான் இருப்பாள். அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டி அவளை உட்கார வைப்பார். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. எனக்கும் இப்படித்தான் நடந்தது.

அல்லிக்கு மூன்றாம் வகுப்பிலேயே வந்தது.

நான் வீட்டிலிருந்தபடி பள்ளிச் சீருடை தைக்கிறேன். அளவு எடுக்க வரும் தாய்மார்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வளர்ற பிள்ளை, மடிச்சுத் தைங்க." பாவாடையின் விளிம்பில் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவேன். பிள்ளை வளர வளர அதைப் பிரித்துவிட்டால் போதும், புதுத் துணி வேண்டாம். அல்லியின் பாவாடைக்கு வைத்திருந்த மடிப்பு இரண்டு வருடம் தாங்க வேண்டியது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பிரித்துவிட்டேன். பொங்கல் முடிந்தபோது பிரிக்க மடிப்பு இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது அல்லியின் நீலச் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது. பெரிய செருப்பு. அதற்கு அப்பால் சுவரோரமாக வயது நின்றது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கையில் ஒரு துணிப்பை. கழற்றிய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தச் செருப்பு அதன் காலுக்கே பெரிதாக இருக்கும்போலத் தோன்றியது.

இது அல்லி வீடுதானே என்று கேட்டது. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. வீடு அதுதான்.

என் கணவர் ராஜாமணி மினி பஸ் ஓட்டுகிறார். மதியம் சாப்பிட வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்த வயதைப் பார்த்துவிட்டு, கை கழுவாமல் அப்படியே நின்றார்.

"இது நம்ம வண்டியிலதான் வந்துச்சு," என்றார். "முன் சீட்டுல உட்கார்ந்து வந்துச்சு. அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு கண்டக்டருக்கே குழப்பம். கடைசில அரை டிக்கெட்தான் போட்டான். நான் யார் வீட்டுக்கோ போகுதுன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. யார் வீட்டுக்கோ என்று இன்னொரு முறை சொன்னார்.

அல்லி அப்போது தரையில் கவிழ்ந்து படுத்து, உடைந்த ரப்பர் துண்டுகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வயது அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, தொடாதே என்றாள். அது கையை மடியில் வைத்துக்கொண்டது.

எங்களுக்கு இருந்த கவலை ஒன்றுதான். அல்லிக்கு இன்னும் பல் விழுந்து முடியவில்லை. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். அவளும் வயதும் ஒரு பாயில் படுத்தால், விடிந்து எழுந்திருப்பவள் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் போய் எப்படி உட்காருவாள்? ரப்பர் துண்டுகளை யார் அடுக்குவார்கள்? எழுந்திருப்பவளும் என் மகள்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இவளோடு நான் இருந்து முடிக்கவில்லை.

அன்றிலிருந்து அல்லியை எனக்கும் சுவருக்கும் நடுவில் படுக்க வைத்தேன். வயது சமையலறையில் படுத்தது. தலையணை கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

எதிர்வீட்டுப் பரிமளா அக்கா, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கத் திங்கட்கிழமை வந்தவர், நாற்காலியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன புள்ள, மூணாங்கிளாஸுக்கேவா? கோழியாப் போட்டு வளர்த்திருப்ப."

எங்கள் வீட்டில் கோழி வாங்குவது ஆடிக்கு ஒருமுறை, அமாவாசைக்கு ஒருமுறை; அதிலும் அமாவாசைக்கு வாங்குவதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாசலோடு திருப்பி அனுப்பியிருக்க வேண்டியதுதானே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பிள்ளையை எல்லாரும் "பெரிய மனுஷி, பெரிய மனுஷி" என்று கூப்பிட்டோமே, அது காதில் விழுந்திருக்கும் என்றார். நாங்கள் கூப்பிட்டது உண்மை. நான்கு வயதில் அல்லி, வந்தவர்களுக்குத் தானாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். எங்கள் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லாரும் அவளைப் பெரிய மனுஷி என்றுதான் கூப்பிடுவார்கள். ரவிக்கையை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது பரிமளா அக்கா, "அதிகமாக் கூப்பிட்டது நான்தான்," என்றார்.

குழந்தை மருத்துவரிடம் அல்லி, வயது இருவரையும் அழைத்துப் போனோம். எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க, அவர் அல்லியின் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வயதின் இடது கையையும் எடுக்கச் சொன்னார். இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். எது யாருடையது என்று எங்களையே கேட்டார்.

கோழியைப் பற்றிக் கேட்டேன். கூப்பிட்டதைப் பற்றியும் கேட்டேன்.

"எல்லா வீட்டுலயும்தாம்மா பெரிய மனுஷின்னு கூப்பிடுறாங்க," என்றார். "நீங்க ஒண்ணும் பண்ணல. சிலது நேரத்துக்கு முன்னாடி கிளம்பிடும். காத்திருக்கச் சொல்றதுக்கு மருந்து இருக்கு. ஆனா காத்திருக்க அதுக்கு ஒரு இடம் வேணும். இடம் இல்லாட்டி வந்த இடத்துலயே தங்கிடும். எங்கேன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. பாப்பாவையும் கேட்டுக்குங்க."

பாப்பாவைக் கேட்பதை நாங்கள் கடைசிக்கு வைத்துக்கொண்டோம்.

ராஜாமணி பரணைச் சொன்னார். ஏறிப் பார்த்தோம். பரணில் அல்லியின் தொட்டில் கம்பு, நடைவண்டி, பழைய பாய் எல்லாம் இருந்தன. அவற்றை எங்கே இறக்கி வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. மினி பஸ்ஸிலேயே காலையிலிருந்து மாலைவரை உட்கார வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். அது ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கி வேறு வீட்டுக்குப் போய்விட்டால் அந்த வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? விட்டுவிட்டோம்.

இதற்குள் என் தம்பி தனபாலுக்குச் செய்தி போய்விட்டது. தாய்மாமன் என்ற முறையில் அவன் யாரையும் கேட்கவில்லை. மொபெட்டின் பின்னால் பச்சைத் தென்னை ஓலையைக் கட்டிக்கொண்டு, தெரு முழுக்கப் பெருக்கியபடி வந்து சேர்ந்தான். வாசலில் ஓலையைப் போட்டுவிட்டு அல்லியைப் பார்த்தான். அவள் ஒற்றைக் காலில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். நான்காவது படியில் கால் மாற்றிவிட்டு, மாற்றவில்லை என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். தனபால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"அக்கா, ஓலையை வெட்டிட்டேனே," என்றான்.

வெட்டிய ஓலையைத் திருப்பிக் கொண்டுபோகும் வழக்கம் எங்களிடம் இல்லை. மொட்டை மாடியில் குடிசை கட்டினான். மாடியில் துணி காயப்போட்டிருந்தவர்கள் கொடியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நல்ல குடிசை. முன்பக்கம் ஓலையில் கிளி முடைந்து தொங்கவிட்டிருந்தான். ஆனால் உள்ளே யார் உட்காருவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அல்லியை உட்கார வைத்தால் எல்லாம் முடிந்தது என்று பொருள். கட்டிய குடிசையை வெறுமையாக விடுவதும் கூடாது.

கடைசியில் தனபால்தான் சொன்னான். பிள்ளை வெளியிலேயே இருக்கட்டும், வயது உள்ளே உட்காரட்டும், மருந்து போட்டதும் அங்கேயே காத்திருக்கட்டும். யோசித்தால் தவறாகத் தெரியவில்லை. வயது தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, சொன்னபடி குடிசைக்குள் போய் உட்கார்ந்தது. வாசலை ஓலைத் தட்டியால் மூடினோம். அன்று மாலை அல்லி அரக்குப் பாவாடையில் முழங்கால் மண்ணோடு கீழே பாண்டி ஆடினாள். நான் ஜன்னலில் நின்று அவள் சில்லு எறிவதைப் பார்த்தேன். பல நாளுக்குப் பிறகு தையல் மிஷினில் உட்கார முடிந்தது.

ஆட்டம் முடிந்து வந்தவள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அவள் வேலை. நான் பின்னாலேயே போய்ப் படியில் நின்றுகொண்டேன்.

தட்டியை விலக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கும் சத்தம். அல்லி இங்கே இருட்டாக இருக்கிறதே என்றாள். வயது ஆமாம் என்றது. ஓலை அசைந்தால் யாரோ வருகிற மாதிரி இருக்கிறது என்றது. அல்லி ரப்பர் துண்டு ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். இது பெரிய துண்டு, தொலைக்கக் கூடாது என்று சொல்வது கேட்டது. அப்புறம் விடுகதை தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றது. அவள் போட்டாள். கூப்பிட்டால் வராது, கூப்பிடாதபோது வரும், வந்து உட்கார்ந்துவிட்டால் போகச் சொன்னாலும் போகாது.

வயது யோசித்தது. நானும் படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அந்த விடையைச் சொன்னால் அல்லிக்கும் தெரிந்துவிடும்.

"பூனை?" என்றது வயது.

அல்லி படி இறங்கி வந்தாள். என்னை அங்கே பார்த்ததில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. சொம்பை என் கையில் கொடுத்தாள்.

"அம்மா, அதுவும் பூனைன்னுதான் சொல்லுது," என்றாள். "அது சின்னதும்மா. சீக்கிரமா வந்துச்சுன்னா சின்னதாத்தானே இருக்கும்? அங்க தனியா உட்கார வெக்காதீங்க."

எங்கே வைப்பது என்று கேட்டேன். மருத்துவர் கேட்கச் சொன்ன கேள்வி அதுதான்.

மூன்றாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெனாசிர், அப்பாவுக்கு மாற்றல் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று அல்லி சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்துவிட்டது, ஏழாம் வகுப்பு வரைக்கும் படிக்கட்டும் என்றாள்.

மருத்துவரிடம் சொன்னோம். இடம் போதும் என்றார். ஊசி அல்லிக்குத்தான் போட்டார்கள். போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது வயது. மாதம் ஒருமுறை வரச் சொன்னார்கள். இருவரும் வர வேண்டும். தலைமை ஆசிரியை, வயதுக்கு என்ன வயது என்று கேட்டார். தெரியவில்லை என்றோம். அல்லிக்கு உள்ளதையே போட்டுக்கொள்ளலாம் என்றார்.

தனபால் குடிசையைப் பிரிக்க வந்தான். உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. கிளியை மட்டும் கழற்றிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை வயதை மிஷினுக்கு முன்னால் நிறுத்திச் சீருடைக்கு அளவு எடுத்தேன். இஞ்ச் டேப்பைத் தோளில் வைத்தபோதுதான் தெரிந்தது, வாசலில் பார்த்தபோது நினைத்த அளவுக்கு அது பெரிதில்லை. தோள் ஒடுக்கமாக இருந்தது. கூச்சத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. மூச்சை விடு என்றேன். விட்டது.

துணியை வெட்டும் முன் அல்லியைக் கேட்டேன், விளிம்பில் எவ்வளவு மடிக்கட்டும் என்று. அவள் வந்து வயதின் பக்கத்தில் நின்று, தன் தலைக்கும் அதன் தலைக்கும் கையை வைத்துப் பார்த்தாள். நிறைய மடிக்கச் சொன்னாள்.