என் அளவுக்கு ஒரு டாங்கி

எங்கள் ஈசூன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் நான் என் மனைவி விசாலாட்சியைவிட ஓர் அங்குலம் உயரம். அது பொய். அவள் பக்கத்தில் நின்றால் என் தலை அவள் காதுக்குத்தான் வரும். மகள் சுஷ்மிதாவின் கல்யாணத்தன்று படம் பிடிக்க வந்தவன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தான். பிறகு மண்டபத்தின் பின்பக்கம் போய் ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அங்கிள், இதுல ஏறி நின்னுக்குங்க. படத்துல தெரியாது."

கல்யாண வீட்டில் எதற்கு வம்பு என்று ஏறி நின்றேன். சிரிக்கவும் செய்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, என்ன ஜோடிப் பொருத்தம் என்பார்கள். எனக்கும் அந்தப் பலகைக்கும் உள்ள பொருத்தத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சொந்த மகளின் கல்யாணத்தில் சொந்தக் காலில் நிற்காமல் போனேனே என்று இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் செல்லக்கண்ணு. பெயரே ஆளைப் பாதி காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் கட்டை என்றார்கள், வேலையிடத்தில் ஷார்ட்டி என்றார்கள். என் உயரத்துக்கு மரியாதை கிடைத்த இடம் இந்தத் தீவில் ஒன்றே ஒன்றுதான்.

கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போனபோது டாங்கிப் படையில் எங்களை உயர வரிசையில் நிற்கவைத்தார்கள். வழக்கம்போல நான் கடைசி. ஆனால் சார்ஜண்ட் அன்றைக்கு வரிசையின் கடைசியிலிருந்துதான் ஆரம்பித்தார். என்னைப் பார்த்ததும், "நீ, டிரைவர்," என்றார். அப்போது நம் படையில் இருந்தது ஏ.எம்.எக்ஸ். தேர்ட்டீன் என்ற பிரெஞ்சு டாங்கி. சின்னது, தணிவானது. முன்னால் இடப்பக்கம் ஓட்டுநருக்கு ஒரு பொந்து, வலப்பக்கம் எஞ்சின். உயரமானவன் உள்ளே இறங்கினால் முட்டி எங்கே இருக்கிறது, முகம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். எனக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. எஞ்சின் சூட்டில் வலது தோள் வெந்துபோகும்தான். ஆனாலும் மூடியைத் திறந்து தலையை நீட்டிக்கொண்டு நான் ஓட்டி வரும்போது ஆறடிக்காரர்கள் எல்லாரும் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

அந்த டாங்கியை, ரேடியோ ரிமோட்டால் ஓட்டுகிற சின்ன மாடலாக, என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. விசாலாட்சியிடம் சொன்னேன். அவள் சோகேஸில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள்.

"ஒரே ஒரு டேங்க். ரெண்டாவது வந்துச்சு, நீங்களும் டேங்க்கும் கீழ்த்தளத்து வாய்ட் டெக்குல, வெறுந்தரையில போய்ப் படுத்துக்குங்க."

வாசலில் இதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர், என்ன மீன் வளர்க்கப் போகிறோம் என்று விசாரித்தார். அவள் காலி செய்த தட்டு சரியாக அந்தக் கல்யாணப் படத்துக்குக் கீழே இருந்தது. மேலே பொய் தொங்கட்டும், கீழே நான் இருப்பேன் என்று முடிவு கட்டினேன். இடம் ஒன்றுதான் என்பதால் டாங்கியும் ஒன்றுதான். அது என்னுடையதாக இல்லாவிட்டால் நான் இரண்டாவது தடவையாகப் பலகையில் ஏறியவன் ஆவேன்.

இந்தப் பொழுதுபோக்கில் யாரும் முழு டாங்கியையும் வெறுங்கையால் செய்வதில்லை. முதலில் ஒரு பேஸ் கிட் வாங்குவார்கள். அடிக்கூடு, சக்கரங்கள், சங்கிலிப் பட்டை, மோட்டார், கியர் எல்லாம் அதில் இருக்கும். அதன் மேல்தான் அவரவர் கைவேலை ஆரம்பிக்கும். பேஸ் தப்பாகிவிட்டால் மேலே எதைக் கட்டினாலும் தப்புத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் விசாலாட்சியும் ஃபேரர் பார்க்கில் இம்ரானுடைய மாடிக்கடைக்குப் போனோம். இம்ரான் இந்தச் சாமான்களையே விற்றுப் பிழைக்கிறவன். நான் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, அந்த டேங்க்குக்கு பேஸ் எங்கிட்ட வந்ததே இல்ல. ஜெர்மன் இருக்கு, ரஷ்யன் இருக்கு, அமெரிக்கன் இருக்கு. நம்ம ஆர்மி வச்சிருந்தது மட்டும் இல்ல."

கடையில் ராஜீவும் இருந்தான். மாதம் ஒருமுறை பிடோக்கில் கூடி ரேடியோ டாங்கி ஓட்டுகிற கிளப்புக்கு அவன்தான் தலைவன். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். மேல் தட்டிலிருந்து ஒரு பெரிய பெட்டியை எட்டி எடுத்து என் முன்னால் வைத்தான்.

"அங்கிள், ஜெர்மன் டேங்க் டைகர் எடுத்துக்குங்க. எங்க கிளப்ல பாதிப் பேரு டைகர்தான். கியர் எல்லாம் மெட்டல், பார்ட்ஸ் ஈஸியா கிடைக்கும். வீட்ல வச்சா கெத்தா இருக்கும்."

"நான் டைகர் ஓட்டலையே தம்பி."

"இங்க யாரு அங்கிள் டைகர் ஓட்டினா? ஹாபிதானே லா."

"உங்களுக்கு ஹாபி. எனக்கு நான் உட்கார்ந்த டேங்க் வேணும்."

"அதெல்லாம் யாருக்கு அங்கிள் தெரியும்? சின்னதா, மொக்கையா இருக்கும்."

டைகர் பெட்டியைப் பார்த்தேன். மேலே போட்டிருந்த படம் பிரமாதமாகத்தான் இருந்தது. அதைத் தட்டில் வைத்தால் வருகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள். எனக்கோ அந்தப் பெட்டி மரப்பலகையாகவே தெரிந்தது. இதன் மேலும் ஏறி நின்றுகொள்ளுங்கள் அங்கிள், யாருக்கும் தெரியாது என்று அதுவும் சொல்வதுபோல் இருந்தது. வேண்டாம் என்று பெட்டியைத் தள்ளினேன்.

ராஜீவ் குனிந்து, அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு சின்னப் பெட்டியை இழுத்தான்.

"அப்ப இது இருக்கு. வாக்கர் புல்டாக், அமெரிக்கன் டேங்க். யாரும் கேக்கறதில்ல. அங்கிள் சைஸுக்கு கரெக்டா இருக்கும் லா." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

இம்ரான் சிரிக்கவில்லை. விசாலாட்சி மெதுவாகத்தான் சொன்னாள்: "தம்பி, அவரு சைஸப் பத்தி நான் பேசலாம். நீங்க பேசக்கூடாது."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெளியே போய்விடலாம் என்று வாசல்வரை நடந்தேன். போனால் அவன் சிரிப்புத்தான் கடையில் மிஞ்சும். நான் எதற்குப் போக வேண்டும்? திரும்பி வந்தேன்.

"இம்ரான், அந்தப் பெட்டியத் திற."

திறந்தான். விசாலாட்சி அடிக்கூட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் ஒரு முனை என் பக்கம் இருக்கும்படி வைத்தாள்.

"ஆன்ட்டி, பின்பக்கத்த முன்னால வச்சிருக்கீங்க," என்றான் ராஜீவ்.

"எனக்கு என்ன தெரியும்? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு," என்று அவள் திருப்பி வைக்கப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்துக்கு ஐந்து சக்கரம். என் டாங்கிக்கும் ஐந்துதான். புல்டாக்குக்கு எஞ்சின் பின்னால், அதனால் சங்கிலியை இழுக்கிற பல்சக்கரமும் பின்னால். என் டாங்கிக்கு எஞ்சின் முன்னால், என் தோளுக்குப் பக்கத்தில். பல்சக்கரமும் முன்னால். விசாலாட்சி தெரியாமல் வைத்த வாக்கில் பார்த்தால் பல்சக்கரம் முன்னால் வந்துவிட்டது. கியரும் என் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இப்படியே செய்யப் போறேன். திருப்பிப் போட்டு, பின்பக்கத்த முன்னாலயா வச்சு," என்றேன்.

"அங்கிள், அது ரிவர்ஸ்ல போகும்."

"ஒயர மாத்திப் போட்டா முன்னால போகும்."

"உங்க டேங்க்கவிட இது நீளம். அகலமும் ஜாஸ்தி. வெட்டணும்."

"வெட்டறேன்."

"மேல்பாகம் ஃபுல்லா, பீரங்கிக் கூண்டு எல்லாம் நீங்களே பண்ணணும்."

"பண்றேன்."

"நான் சொல்றத சொல்லிட்டேன். ஒரு தடவ வெட்டிட்டா அப்புறம் இது புல்டாக்கும் இல்ல, உங்க டேங்க்கும் இல்ல. குப்பைதான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. தட்டு ஒன்றுதான், டாங்கியும் ஒன்றுதான். வெட்டு கோணினால் அந்தப் படத்துக்குக் கீழே காலி இடம்தான் இருக்கும். ஆனால் நான் பிறந்ததிலிருந்து எல்லாரும் என்னைத்தான் பெரிதாக்கப் பார்த்திருக்கிறார்கள். கனத்த அடி வைத்த சப்பாத்து வாங்கிக் கொடுத்தார்கள், நெடுக்குக் கோடு போட்ட சட்டை போடச் சொன்னார்கள், கடைசியில் பலகை போட்டார்கள். பெரிதாக இருக்கிற ஒன்றை என் அளவுக்கு வெட்ட வேண்டும் என்று ஒருவன் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தர்ப்பத்தை விட எனக்கு மனமில்லை.

"பையில போடு இம்ரான்," என்றேன்.

அடுத்த சில மாதங்கள் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. அடிக்கூட்டை நடுவில் அறுத்து, வேண்டாத துண்டை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். முதல் ஒட்டு கோணிவிட்டது. நடைவழியில் ஓடவிட்டால் நண்டு மாதிரி பக்கவாட்டில் போய்ப் பக்கத்து வீட்டுச் செருப்புகளில் மோதியது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் விசாலாட்சி தன் நீளக் கைகளால் இரண்டு பாதியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். கூண்டைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்தேன். இந்த டாங்கியில் பீரங்கி மட்டும் தனியாக நிமிராது. கூண்டின் மேல்பாதியும் சேர்ந்து தலையாட்டும். அதையும் ஆட வைத்தேன். கடைசியில் அது நேராக ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, மீன் இல்லையா என்று கேட்டுப் போனார்.

ஒன்றுதான் பாக்கி. ஓட்டுநரின் பொந்து காலியாக இருந்தது. உட்காரவைக்க ஒரு பொம்மை வாங்க மறுபடி இம்ரான் கடைக்குப் போனோம். ராஜீவ் அன்றைக்கும் அங்கேதான் இருந்தான். நான் டாங்கியைத் தரையில் வைத்து, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிக் காட்டினேன். அது தணிவானதாயிற்றே, நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராஜீவ் முட்டி போட்டு உட்கார்ந்தான். அப்புறம் தரையோடு தரையாகக் குனிந்து சக்கரங்களைப் பார்த்தான்.

"ஒட்டு எங்க அங்கிள் இருக்கு? தெரியவே இல்ல."

"தேடு," என்றேன்.

இம்ரான் டாங்கி ஓட்டுகிற பொம்மைகளை எல்லாம் எடுத்துப் பரப்பினான். இந்த வேலையில் ராஜீவுக்குக் கை நிதானம் அதிகம். தானே செய்கிறேன் என்று ஒன்றை எடுத்துப் பொந்துக்குள் இறக்கினான். முட்டி தட்டியது. இன்னொன்றை இறக்கினான். அது மூடிக்கு வெளியே இடுப்புவரை நின்றது. மூன்றாவதைச் சாய்த்துப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான். எல்லாம் நெட்டையான வீரர்கள். ஒருத்தனும் உள்ளே போகவில்லை.

"ஒரே வழிதான் அங்கிள். முட்டிக்குக் கீழ கால வெட்டிடணும். வெளிய தெரியாது."

விசாலாட்சி என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று ராஜீவுக்குப் புரியவில்லை.

"வெட்டு," என்றேன்.

ராஜீவ் கத்தியை எடுத்து அந்த நெட்டை வீரனின் இரண்டு காலையும் நறுக்கினான். இப்போது அவன் பொந்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்தான். ராஜீவ் தரையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"நீங்க எப்படி அங்கிள் இதுக்குள்ள உட்கார்ந்தீங்க?"

"முழுசா," என்றேன்.