வைபவ் டவரின் இருமல்

1.
இந்தக் கதை ஒரு வரைபடத்தில் பிறந்தது. எங்கள் மும்பை வார்டின் சுகாதார அலுவலகம் காசநோயாளிகளின் வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துப் பார்த்தது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராக நாங்கள் இருமுகிற குடிசைப் பகுதியான நாலா வஸ்தி பளிச்சென்று வெள்ளை. எதிரே நீச்சல் குளம் வைத்த வைபவ் டவர் மட்டும் அம்மை போட்டதுபோல் சிவந்திருந்தது.

(இதற்கு முன் எழுதிய தொடக்கம்: "நகர்ப்புற நல ஏற்றத்தாழ்வு என்பது பன்முக..." எனக்கே கொட்டாவி வந்தது.)

2.
காரணம் எங்களுக்குத் தெரியும். டவரில் சமைக்கிற எங்கள் வஸ்திப் பெண்கள் எங்கே கேட்டாலும், ஆஸ்பத்திரியிலும்கூட, டவர் முகவரியைத்தான் சொல்வார்கள். வஸ்தி என்றால் சிலிண்டர்க்காரன்கூட வரமாட்டான்.

ஆகவே இலவச எக்ஸ்ரே வண்டி டவர் வாசலில் போய் நின்றது. டவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேத்தா செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"எங்க பில்டிங்ல டிபியா? ஃப்ளாட் வெல என்னத்துக்கு ஆகும்! எடுய்யா வண்டிய!"

3.
வஸ்தியில் எல்லோருக்கும் சித்தி முறையான சுமன் மாவ்ஷி டவரில் சமைக்கிறாள். இரண்டு மாதமாக இருமல். முதல் வரைவில் அவளை அழவைத்திருந்தேன். படித்துக்காட்டினேன்.

"நான் எப்ப அழுதேன்? வெங்காயத்துக்கே அழமாட்டேன். அடி அத!"

அந்த வரியை அடித்துவிட்டேன். அவள்...

(அவள் இருமுவதைப் பற்றி அழகாக ஒரு வாக்கியம் எழுதப் பார்த்தேன். இருமலில் என்ன அழகு? பயமாகத்தான் இருக்கிறது.)

4.
சுகாதாரப் பணியாளர் பிரதன்யா சண்டை போட்டு வண்டியை எங்கள் சந்துமுனைக்கு ஒரு நாள் வரவழைத்தாள்.

"மாவ்ஷி, நெஜ அட்ரஸச் சொல்லு. இல்லன்னா மேப்புல இந்த வஸ்தியில நோயே இல்ல. நாளைக்கு வண்டி வராது."

"சொன்னா நீங்க வீடு தேடி வருவீங்க. டவர் மேடம் காதுக்குப் போகும். இருமுறவ சுட்ட சப்பாத்திய யாரு திம்பாங்க?"

"இப்ப மட்டும் இருமாமலா சுடுற?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான இருமுறேன்!"

பின்னால் வரிசையில் சந்தே காது கொடுத்து நின்றது. அவள் சொல்வதைத்தான் மற்ற பெண்களும் சொல்வார்கள்.

5.
முடிவு அ: உண்மை முகவரி, தினமும் வண்டி, எல்லோரும் நலம். அரசு விளம்பரம்போல் இருக்கிறது. முடிவு ஆ: டவர் முகவரி, மேத்தா மறுபடி ஓடி வருகிறார். சிரிக்கலாம், மாவ்ஷி பிழைக்கமாட்டாள்.

"எழுதுறவ நீதான? என்ன சொல்லணும், சொல்லு" என்கிறாள் மாவ்ஷி என்னிடம்.

எனக்கெப்படித் தெரியும்? அது, உங்கள் சமையலறையில் அவள் இருமினால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதைப் பொறுத்தது. சீக்கிரம் சொல்லுங்கள், வரிசை நிற்கிறது.