நட்சத்திரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

சாலவாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய சசிரேகா தலையைக் குனிந்துகொண்டாள். எதிரே புளியமரத்தில் அந்த பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் அவளுடைய ஆய்வுக் கட்டுரை வெளியானதும் அப்பா எல்லப்பன் உத்திரமேரூருக்கு ஓடி அச்சடித்துக்கொண்டு வந்தது. "ஒரு நட்சத்திரம் செத்துப்போச்சு, எம்பொண்ணுதான் கண்டுபுடிச்சா" என்று பேனர் கடைக்காரனிடம் சொல்லியிருக்கிறார். அவனுக்கென்ன தெரியும், பாவம். சாவு என்றால் அவனிடம் இருப்பது ஒரே மாதிரிதான். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் மாலை போட்ட நட்சத்திரம், கீழே ஆழ்ந்த வருத்தத்துடன் ஊரார் இருபது பேர், ஓரத்தில் சிரித்த முகமாய் அவள். பேனரின் படத்தைப் பார்த்து பெங்களூரில் அவளுடைய ஆய்வகமே விழுந்து விழுந்து சிரித்தது. பெற்ற அப்பனைக் காட்டிக் கொடுத்துவிட்டு அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த நட்சத்திரம் மங்கலாக வெடித்து, பிறகு கண்ணில் படவே இல்லை. செத்தே போய்விட்டது என்று எழுதியிருந்தாள். அது தான் கக்கிய தூசிக்குப் பின்னால் உயிரோடு இருக்குமோ, தூசியை ஊடுருவிக் காட்டும் அகச்சிவப்புப் படங்களைப் பார்த்தாயா என்று பேராசிரியர் கேட்டபோது, பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்றாள். வேலைக்கு விண்ணப்பிக்கும் அவசரம்; வேலையும் கிடைத்தது. போன வாரம் புதிய படம் வந்தது. அதே இடத்தில் சிவப்பாக, மங்கலாக அது இருந்தது. அன்று பார்க்காமல் விட்ட பழைய படத்தை எடுத்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது. கணக்குத் தவறுவது யாருக்கும் நேரும். அவள் சொன்னதோ பச்சைப் பொய்.

வீட்டில் எல்லப்பன் போட்டு வைத்த சோற்றில் அவள் கைவைக்கவில்லை.

"நைனா, அது சாவல."

"எது?"

"நட்சத்திரம். தூசிக்குப் பின்னால கீது. நான் பாக்காமலே பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"உயிரோட கீறதுக்கா மால போட்டோம்?" என்றார். பிறகு, "உன் வாத்தியார்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொன்னா வேல பூடும்."

"ஊர்ல இருவது பேரு பேரப் போட்டுகீறேன். ஒவ்வொரு வூடா நான் போய் சொல்லணும் சசி."

அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளும் புளியமரம் வரை பின்னாலேயே போனாள். கல் உடைக்கும் கிரஷர் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசி படிந்து பேனரில் நட்சத்திரமும் தெரியவில்லை, மாலையும் தெரியவில்லை. எல்லப்பன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் துண்டை எடுத்து ஓரத்தில் மட்டும் அழுத்தித் துடைத்தார். அவள் முகம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. கயிற்றில் அரிவாளை வைத்தபடி, அறுக்காமல், அவர் பக்கத்தில் நின்ற அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.