ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு வாரத்துச் சாமானும்

உலகத்தில் விற்பனையாளர் என்று சொல்லத் தகுந்தவர்கள் ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர்கள் மட்டுமே. மற்றவர்களெல்லாம் சாமான் எடுத்துக் கொடுப்பவர்கள். இது துரையின் முடிவான கருத்து. துரை என்பது அவர் நடையைப் பார்த்து ஷோரூமில் வைத்த பெயர்.

அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, எதிர்க்கடையில் ஃபிரிட்ஜ் விற்கிறான். அவனுக்கு இதை அவர் தினமும் டீ நேரத்தில் விளக்குவார்.

“நீ முட்டி போட்டு முட்டைக்கோஸ உள்ள வச்சுக் காட்டுற. அது ஒரு பொழப்பா மாப்ளே? நான் கனவ விக்கறேன்.”

“கடைசிக் கனவு எப்ப போச்சு மாமா?”

துரை டீயை ஊதினார். ஊரெங்கும் வியாபாரம் படுத்துக் கிடந்தது. கம்பெனி இரண்டு முறை விலையைக் குறைத்தும் ஒரு சிவப்புக் கார் நகர்வேனா என்று நின்றது. இந்த மாதமும் அது போகாவிட்டால் துரை போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். போக இருந்த ஒரே இடம் எதிர்க்கடை. அந்தக் கடை ஆட்கள் போடும் நீல டி-ஷர்ட்கூட அவர் அளவுக்கு ஒன்று மச்சான் எடுத்து வைத்திருந்தான்.

அன்று மாலை ஒரு பல் டாக்டரும் மனைவியும் காய்கறிப் பைகளோடு வந்தார்கள். டாக்டர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாணத்துக்கு முந்தைய ஆசையாம். இப்போதுதான் விலை கைக்கு எட்டுகிறதாம்.

“நாலே செகண்டுல நூறத் தொடும்மா,” என்றார் துரை.

“அவ்வளவு அவசரமா இவரு எங்க போகணும்? பல்லு வலிக்கிறவங்கதானே ஓடி வரணும்.”

“இது ஒரு அனுபவம்மா.”

“இருக்கட்டும். பழைய கார வித்துட்டுத்தான் இத வாங்கணும், ரெண்டு வச்சுக்கக் கட்டுப்படியாகாது. ஒரு வாரத்துச் சாமான் இதுல கொள்ளுமா?”

“அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா.”

“அதான் இதுவரைக்கும் யாரும் வாங்கல.”

அந்த அம்மாள் வாசலை நோக்கி நடந்தார். டாக்டர், பொம்மைக் கடையிலிருந்து இழுத்துப் போகப்படும் பிள்ளை மாதிரி, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பின்னால் போனார்.

துரை கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். டிக்கியைத் திறந்தார்.

“பையக் கொடுங்கம்மா.”

உருளைக்கிழங்கு அடியில் போனது. வெங்காயம் ஓரத்தில். காலிஃபிளவர் இடித்தது. துரை முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டு, அதைக் குப்புறக் கவிழ்த்தார். சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

“தக்காளி நசுங்குமே,” என்றார் அந்த அம்மாள், குனிந்து பார்த்து.

“மேல வச்சுக்கலாம்மா. நசுங்காது,” என்றது டிக்கிக்குள்ளிருந்து குரல்.

அந்த அம்மாள் தக்காளிப் பையை நீட்டினார். பிறகு கணவரிடம், “சரி, எங்க கையெழுத்துன்னு கேளுங்க,” என்றார்.

துரை தலையை வெளியே எடுக்கவில்லை. கீரைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.