ஏசி உள்ள வீடு

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி பதினொன்றரை ஆகியும் வரவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் அவர் என்ன அதிகாரி? மற்ற நாளாக இருந்தால் அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். இன்று அந்த ஒன்றரை மணி நேரமும் ஏசி அணைந்து கிடந்தது. ஆணியடித்து அதன் மேல் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள்.

யோசனை நாத்தனாருடையது. போன வருடம் போட்ட உதவித்தொகை மனு, "வீட்டில் ஏசி உண்டு" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்திருந்தது.

"வீடு பாக்க வர்றவங்க முன்னாடியா அத ஓடவிடுவ? மூடி வை. ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது?" என்றாள் நாத்தனார் போனில். தம்பி வீட்டில் குளுகுளுவென்று வாழ்கிறார்கள் என்று உறவு முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் இவள்தான்.

பெயின்ட் அடிக்கப் போய் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போனதிலிருந்து, அவள் கணவருக்கு நெஞ்சுக்குக் கீழே வியர்ப்பதில்லை. வியர்க்காத உடம்பு வெயில் காலத்தில் சூடேறிக்கொண்டே போகும். அறையைக் குளுமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். யாரோ விற்ற பழைய ஏசியை வாங்கியதில் அவளுடைய வளையல் போனது. அது ஒரு தடவையோடு முடிந்தது. கரண்ட் பில்தான் முடிவதில்லை. தலையணை உறை தைத்துச் சம்பாதிப்பதில் பாதி அதற்கே போகிறது. டயப்பர், புண்ணுக்கு மருந்து, ஆஸ்பத்திரிக்குப் படுத்தபடியே போகிற வண்டி எல்லாம் மீதிப் பாதியில். சாப்பாடு கடைசியில்தான் வரும். உதவித்தொகை கிடைத்தால் கரண்ட் பில்லுக்காவது ஆகும். அவள் ஆசை அவ்வளவுதான்.

ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "ஏங்க, போட்டுடவா?"

"வேணாம். இவ்வளவு நேரம் வெந்தாச்சு. இன்னும் கொஞ்சம் வெந்தா பதமாயிடுவேன்." சிரிக்கப் பார்த்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. செருப்பை வாசலிலேயே விட்டார், தண்ணீர் கேட்டுக் குடித்தார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி வீடு சொந்தமா, வண்டி உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு கட்டில் பக்கம் திரும்பினார்.

"சார், எத்தனை வருஷமா இப்படி?"

"மூணு..." என்றார் கணவர். "மூணு மாடி."

பேச்சு தடம் மாறியதும் அவள் ஓடிப்போய் அவர் கன்னத்தைத் தட்டினாள். அவர் கண் செருகிக்கொண்டு போனது. போர்வையை ஒரே இழுப்பில் பிடுங்கினாள், ஆணியும் கூடவே வந்தது. ஏசியைப் போட்டுவிட்டுக் குடத்துத் தண்ணீரை அவர் மேல் ஊற்றினாள். அதிகாரியும் பேனாவை வைத்துவிட்டுத் துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்தார்.

கால் மணி நேரம் கழித்து அவர் கண் தெளிந்தது. அதிகாரி மறுபடி காகிதத்தை எடுத்தார்.

"இத எதுக்கும்மா மறைச்சீங்க?"

"உங்களுக்கு வேர்க்குது சார். அது உங்களுக்குச் சும்மா கெடைக்குது. அவருக்கு நான் மாசாமாசம் காசு குடுத்து வாங்கறேன்."

அதிகாரி கையிலிருந்த கர்சீப்பைப் பார்த்தார். "புரியுதும்மா. ஆனா இதுல உண்டா இல்லையான்னுதான் கேட்டிருக்கு. ஏன்னு எழுத எடம் இல்ல. ஓரமா எழுதி வைக்கறேன். மேல படிப்பாங்களான்னு தெரியாது." 'உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ எழுதினார். கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போச்சா?" என்றார் கணவர்.

"போச்சு."

அவர் தலையை ஏசிப் பக்கம் திருப்பினார். "அப்ப ரெண்டு டிகிரி கொறச்சு வை. இனிமே யாருக்குப் பயந்து?"

ரிமோட்டை எடுத்தாள். இருபத்தெட்டை இருபத்தேழாக்கினாள். அதற்கு மேல் மனம் வரவில்லை.